ஏப்ரலில் ஓடும் குழாய்

துலூத் நகரத்து வீடுகள் எல்லாம்
ஏரியைப் பார்த்தபடி சரிவில் ஏறி நிற்பவை.
பதினான்கு வருடமாய் அந்தச் சரிவில்
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்.
ஒரு வீட்டுக்குள்ளும் போனதில்லை.
ஆனால் எந்தக் கதவு எந்தப் பிள்ளையை
எத்தனை மணிக்கு வெளியே தள்ளும் என்று தெரியும்.
எந்தப் படியில் பனி கடைசியாய்க் கரையும் என்றும்,
எந்த வாசலில் இரண்டு கார் ஒன்றாகி
அந்த ஒன்றும் ஒருநாள் காணாமல் போனது என்றும்.

டார்லா சொல்கிறாள்:
"மார்லிஸ், இதற்கென்றே பிறந்தவள் நீ.
தொண்ணூறு மணி நேரப் பாடம், ஒரு பரீட்சை,
அவ்வளவுதான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும்."
வீடு விற்பவள் டார்லா. அவள் முகம்
மூன்றாம் தெரு நிறுத்தத்து பெஞ்சில்,
முதுகு சாயும் இடத்தில், அச்சாகியிருக்கிறது.
மழைக்கு ஒதுங்குகிறவர்கள்
அவள் பற்களின் மேல் சாய்ந்து காத்திருக்கிறார்கள்.

மின்கட்டண உறையின் பின்புறம்
கூட்டிக் கழித்துப் பார்த்தேன்.
பாடத்துக்கு, உரிமத்துக்கு, சங்கச் சந்தாவுக்கு,
பெயர்ப் பலகைக்கு,
நாய் முடி ஒட்டாத ஒரு காருக்கு.
வரவுப் பக்கம் 'முதல் விற்பனை' என்று எழுதி
எதிரே கேள்விக்குறி போட்டேன்.
அதோடு உறை தீர்ந்துவிட்டது.
பேருந்துச் சம்பளம் கொஞ்சம்தான், ஆனால் வரும்.
முழங்கால்கள் வேறு கணக்குச் சொல்கின்றன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சும்மா வந்து பார் என்று
ஆர்டித் ஹால்வர்சனின் வீட்டுக்குக் கூட்டிப்போனாள்.
வெள்ளைச் சுவர், பச்சை ஜன்னல் கதவுகள்.
அடுப்பில் தண்ணீர் வைத்துப் பட்டைத் துண்டு போட்டாள்.
"வீடு மணந்தால் விலை மணக்கும்" என்றாள்.
போன் வந்தது. வெளியே போனாள்.

அந்த நேரம் பார்த்து வந்தார்கள்
கோங் மெங், அவன் மனைவி பா கூ.
கழற்றிய காலணிகளைக் கையிலேயே வைத்துக்கொண்டு
என் கோட்டைப் பார்த்து ஏமாந்து
என்னிடம் கேட்டாள்:
"கீழ்த்தளத்தில் தண்ணீர் வருமா?"

வரும்.
ஏப்ரல்தோறும் அந்தக் கீழ் ஜன்னல் வழியாக
நீலக் குழாய் ஒன்று தெருவரை நீளும்.
பேருந்துச் சக்கரம் அதன் மேல் ஏறும்போது
நாற்பது பிள்ளைகள் ஒரே குரலில்
"பாம்பு!" என்று கத்துவார்கள்.
எனக்கு உரிமம் இல்லை.
உரிமம் இல்லாதவள் உண்மைக்கு
என்ன சட்டமோ, தெரியாது.
சொன்னேன். பாம்பையும் சேர்த்து.

கோங் மெங் முகம் சுளிக்கவில்லை.
கீழே போய், மண்டியிட்டு,
சுவர் ஓரமாகக் கணுவால் தட்டிக்கொண்டே போனான்.
பா கூ கேட்டாள்: "பஸ் இங்கே நிற்குமா?"
"ஏழு இருபத்திரண்டுக்கு" என்றேன்.

வாங்கினார்கள்.
பதினோராயிரம் டாலர் குறைத்து.

டார்லா ஒரு வாரம் பேசவில்லை.
பிறகு வந்து, நின்றபடியே சொன்னாள்:
"தண்ணீரைப் பற்றி நானும் எழுதிக் கொடுத்திருப்பேன்,
நான்காம் பக்கத்தில், முறைப்படி.
நீ பாம்பு என்று சொன்னாய்.
அந்தப் பதினோராயிரம் என் காசு இல்லை, மார்லிஸ்.
ஆர்டித் முதியோர் இல்லத்தில் நாலு மாதம் இருக்கும் காசு."

அதை நான் யோசித்திருக்கவில்லை.
ஆர்டித்தின் இரண்டு பையன்களும்
என் பேருந்தில் வந்தவர்கள்தான்.
சின்னவனுக்குப் பேருந்து ஆடினால் வாந்தி வரும்.
எனக்காக ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும்
ஒரு டப்பா பிஸ்கட் அனுப்புவாள்,
இலவங்கம் தூக்கலாக.
அவளிடம் போய் என்ன சொல்வது?
இன்னும் போகவில்லை.

விண்ணப்பம் பேருந்தின் வெயில்மறைப்பில்
செருகிக் கிடக்கிறது.
பெயர், பிறந்த தேதி நிரப்பியாகிவிட்டது.
அதற்குக் கீழே காபி வட்டம்.

இந்த ஏப்ரலில் பனி சீக்கிரமே உருகியது.
பச்சை ஜன்னல் வீட்டைத் தாண்டும்போது
எல்லாப் பிள்ளைகளும் ஒரு பக்கமாய்ச் சாய்ந்தார்கள்.
சக்கரத்தின் கீழ் ஒன்றும் இடறவில்லை.
பின் இருக்கையிலிருந்து ஒருத்தி கேட்டாள்:
"மார்லிஸ், பாம்பு எங்கே?"

கண்ணாடியில் அவளைப் பார்த்தேன்.
பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது.