சாவி தேடும் இடம்

திபிலிசியின் வடக்கே, கில்தானியில்
லிஃப்டுக்கும் பசிக்கும்.
இருபது தெத்ரி நாணயம் விழுங்கினால்தான்
கதவை மூடும்.

"எட்டாவது மாடி" என்று சொல்லிக்கொண்டே
இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தாள் சியாலா.
ஜெல் சில்லிட்டதும் முகம் சுளித்தாள்.
நாற்காலியில் அவள் கைப்பை,
பைக்குள் ஒரு ஜாம் புட்டி நிறையச் சில்லறை.
"இதற்குத்தான் என் மகனோடு சண்டை.
இரண்டு மாடிக்குமா லிஃப்ட் என்கிறான்."

அவளுக்கு முன்னால் வந்தவர் குராம்,
டிராலிபஸ் ஓட்டி ஓய்ந்தவர்.
நூற்றுக்கு முப்பதுதான் வெளியே தள்ளுகிறது அவர் இதயம்,
நைந்துபோன துருத்தி.
அவரோ ஐந்து மாடி ஏறுகிறார்,
உருளைக்கிழங்குப் பையோடு.
இவளுக்கு அறுபது. அப்பழுக்கில்லாத அறுபது.
போன வருடம் ஒரு டாக்டர் சீட்டில் எழுதியிருந்தார்:
எல்லாம் மனக்கலக்கம்.

தள்ளுவதைப் பார்த்தது போதுமென்று
கொள்ளுவதைப் பார்த்தேன்.
டாப்ளர் புள்ளியை வால்வின் ஓரத்தில் வைத்தேன்.
சுவர் தளரும் வேகம்
நொடிக்கு நாலு சென்டிமீட்டர்,
விருந்தாளியைப் பிடிக்காத வீட்டுக் கதவு மாதிரி.
உள்ளே இடம் கிடைக்காத ரத்தம்
மேலறையில் நெருக்கியடித்து நிற்கிறது.
அதற்குப் பின்னால்
நுரையீரல் வரை வரிசை.

கணக்குப் போட்டேன்.
தாளின் ஓரத்தில், பென்சிலால்:
ஆறு நிமிடத்தில் முந்நூறு மீட்டர் நடப்பாள்.

நடந்தது இருநூற்றுப் பத்து.
நடுவில் ஜன்னலருகே நின்றாள்.
"மல்பெரி பழுத்துவிட்டதே" என்றாள்.
அது மார்ச் மாதம். மரத்தில் இலைகூட இல்லை.
நர்ஸ் ஏகா கடிகாரத்தை நிறுத்தவில்லை;
நிறுத்தக் கூடாது.

பிறகு, கோட்டுப் பொத்தானைப் போட்டபடி சொன்னாள்:
"லிஃப்ட் பழுதான நாட்களில்
படிக்கட்டின் ஒவ்வொரு திருப்பத்திலும்
பையைத் திறந்து சாவி தேடுவேன்.
தேடிக்கொண்டிருப்பவளை
யாரும் ஒன்றும் கேட்பதில்லை."

தொண்ணூறு மீட்டர் பிசகியிருக்கிறேன்.
பென்சில் எண்ணை அழிக்காமல்
பக்கத்தில் அவள் நடந்ததையும் எழுதினேன்.
அறிக்கையின் முடிவில்:
மூச்சு வாங்குவது மெய்.
அதற்கு மட்டும் அடிக்கோடு,
மகன் படிப்பான் என்று.

இரவு, என் கட்டடத்தில்
லிஃப்டுக்குப் போடச் சில்லறை இல்லை.
எனக்கு ஐம்பத்தாறு, வீடு ஆறாம் மாடியில்.
மூன்றாவது திருப்பத்தில்
மேலேயிருந்து யாரோ இறங்கி வரும் சத்தம்.
கைப்பையைத் திறந்து துழாவினேன்.

சாவி
மற்ற கையில் இருந்தது.