இரண்டு இடது

எரித்துவிடச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது.
மேல்முறையீட்டுக் காலம் தாண்டிவிட்டதாம்.
ஜார்ஜ் டவுன் கோர்ட்டின் சொத்து அறையில்
பத்தொன்பது வருடம் கிடந்த மூட்டை.
அரக்கு முத்திரையை
வீட்டுச் சாவியால் சுரண்டி எடுக்கிறேன்.

முதலில் சட்டை.
கல்மண்டபம் முனையில் கூட்டம் பேசி இறங்கும்போது
துறைமுகச் சங்கத் தலைவர் எத்திராஜுலு போட்டிருந்தது.
உடம்பில் நான்கு ஓட்டை என்கிறது பிணப் பரிசோதனை.
சட்டையில் விரலை விட்டு எண்ணினேன்.
மூன்று.

படச்சுருளில்
இருபத்து மூன்றும் இருபத்து நான்கும் இல்லை.
கை தவறியிருக்கும் ஐயா
என்று போட்டோகிராபர் சொன்னது பதிவாகியிருக்கிறது.
கை தவறினால் அடுத்தடுத்தா தவறும்
என்று யாரும் கேட்டதாகப் பதிவில்லை.

மூன்றாம் சாட்சி ஜூஸ் கடை ஞானதீபம்
ஸ்டேஷனில் இரண்டு பேரைப் பார்த்திருந்தார்,
மாஜிஸ்திரேட் முன்னால் மூன்று பேரை.
கூண்டில் ஏறியதும்
மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது, சத்தமே கேட்கவில்லை என்றார்.
ஏழாம் சாட்சி லைன்மேன்:
அன்றைக்கு ஏழே காலிலிருந்து எட்டு வரை கரண்ட் இல்லை.
சுட்டது ஏழு நாற்பதுக்கு.

இருவரும் ஒரே நாளில் சொன்னார்கள்,
நடுவில் மதியச் சாப்பாடு.

எட்டாம் சாட்சி தெருவிளக்கு வெளிச்சத்தில்
முகத்தைப் பார்த்தவர்.
பிறகு பிறழ் சாட்சி.
பிறகு அவர் முகவரியில் ஒரு செல்போன் கடை.

சந்தேகத்தின் பலனை வாங்கிக்கொண்டு
நான்கு பேரும் பாரீஸில் பஸ் ஏறினார்கள்.

கடைசியில்
தினசரித் தாளில் சுற்றிய சான்றுப் பொருள் ஐந்து.
மகஜரில்: தோல் செருப்பு, ஒரு ஜோடி.
பிரித்துத் தரையில் வைத்தேன்.
மாற்றி வைத்தேன்.
கவிழ்த்தும் பார்த்தேன்.

இரண்டும் இடது கால்.
ஒன்று எட்டு, குதிகால் தேய்ந்தது.
மற்றது ஒன்பது, புதிது.

இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்ட ஜோடி.
மகஜர் சாட்சிகள் இருவர் போட்ட ஜோடி.
குறுக்கு விசாரணையில் ஒற்றை விரலில் தூக்கிக்காட்டி
இது இறந்தவருடையதுதானே என்று வக்கீல் கேட்ட ஜோடி.
ஒவ்வொரு மார்ச்சும் சரிபார்ப்பில்
தாளைப் பிரிக்காமலே
நான் டிக் அடித்த ஜோடி.

அந்த இருட்டில் ஒருவன்
ஒரு கால் வெறுங்காலாக ஓடியிருக்கிறான்.
அல்லது தலைவரின் வலதை மாட்டிக்கொண்டு ஓடி
வீட்டுக்குப் போய்
விளக்கைப் போட்ட பிறகுதான்
குனிந்து பார்த்திருக்கிறான்.

அழிப்புச் சான்றிதழில் எழுதினேன்:
செருப்பு, இடது, இரண்டு.

சிரஸ்ததார் கண்ணாடியை ஏற்றிப் படித்தார்.
"ஜோடின்னு போடுப்பா.
ஃபைல்ல அப்படித்தானே இருக்கு."

வேறு தாள் எடுத்து
ஜோடி என்று போட்டேன்.

சட்டை உடனே பிடித்துக்கொண்டது.
தோல் லேசில் எரியவில்லை.
இன்னும் கொஞ்சம் மண்ணெண்ணெய்.

தீயில் இரண்டும்
ஒரே பக்கமாக வளைகின்றன.