ஐந்தாவது வயர்

பிக்கரிங்கில் பழைய கார்கள் குவிக்கிற வளவில்
பதினெட்டு டொலருக்கு வாங்கினேன்
ஒரு நீல வானின் வைப்பர் மோட்டரை.
முன்கண்ணாடி சிலந்திவலையாய் வெடித்திருந்தது.
பின்சீட்டுக்கடியில் ஒற்றைக் கையுறை,
குழந்தையினுடையது.
அதை இருந்த இடத்திலேயே விட்டேன்.

"இதுவரை மழை துடைச்சது,
இனிப் பிணம் எழுப்பும்" என்றேன் வீட்டில்.
"சாப்பாட்டு மேசையில வைக்காதை" என்றான் சேந்தன்.

ஒக்டோபர் முழுக்கக் கார் வெளியே குளிரில் நின்றது.
கராஜுக்குள்
வேலைத்தலத்தில் எறிந்த பலகைகள்
சவப்பெட்டியாயின.
வெள்ளைக் குழாய் முதுகெலும்பு,
அலமாரிக் கதவின் கீல் இடுப்பு,
டொலர் கடையில் தாடையில்லாத மண்டை,
அதனால் பாதி விலை.
உடுப்பு?
சேந்தனின் கல்யாணக் கோட்டு.
பதினாறு வருடமாய் அவனுக்குப் பூட்டாத பொத்தான்
எலும்புக்கூட்டுக்கு
வழுக்கிக்கொண்டு பூட்டியது.
அவன் ஒன்றும் சொல்லவில்லை,
வயிற்றை மட்டும் ஒருமுறை தடவினான்.

பகலில் நான் ஒஷாவாவில் பிரேக் தட்டுக் கடைகிறவள்.
அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலும்
சிவப்புப் பெட்டிக்குள் போகும்.
இரவில் இந்தப் பிணத்தை அப்படித்தான் செய்தேன்,
அளந்து, இறுக்கி, எண்ணெய் விட்டு.
எழும்பியது,
வங்கி வாசல் தடுப்புக் கம்பி போல.
ஆரணி போனிலிருந்து கண்ணெடுக்காமல்
"பயமாவே இல்லை அம்மா" என்றாள்.
ஒரு போல்ட்டை அரைச் சுற்றுத் தளர்த்தினேன்.
தோள் சரிந்தது, கழுத்து ஒரு நொடி பிந்தி வந்தது.
போனைக் கீழே வைத்தாள்.

இதெல்லாம் சொல்லச் சுலபம்.
அதற்குமுன்
எழுந்த வேகத்தில் தலை கழன்று
ஃப்ரீசருக்கடியில் உருண்டது.
அதற்கும்முன்
பழைய கணினியின் பவர் சப்ளை
பாரம் தாங்காமல்
'டிக்' என்று கைவிட்டது.
வலைக்கதவின் ஸ்பிரிங்கைக் கழற்றி
முதுகில் மாட்டினேன்.
வலைக்கதவு இன்னும் அடித்துக்கொண்டே இருக்கிறது.

பிறகும் ஒரு குறை.
சுவிட்சை நிறுத்தினால்
நிறுத்திய இடத்திலேயே நின்றது.
படுக்கவுமில்லை, இருக்கவுமில்லை,
பஸ்ஸில் தூங்கி விழுகிறவன் மாதிரி.

மோட்டரில் ஐந்து வயர்.
மெதுவுக்கொன்று, வேகத்துக்கொன்று,
பொதுவாய் ஒன்று, உடம்புக்கு ஒன்று.
ஐந்தாவதை நான் வெட்டி
டேப் சுற்றி வைத்திருந்தேன்.
பாதிரவில்தான் உறைத்தது:
மழை விட்டதும் எந்தக் காரிலும்
வைப்பர் கண்ணாடி நடுவே நிற்பதில்லை.
நிறுத்தியபின்னும் மீதித் தூரம் போய்,
கீழே படுத்தபிறகுதான் ஓய்கிறது.
அந்த மீதித் தூரத்துக்கான வயர் அது.
உரித்து, முறுக்கி, ஒட்டினேன்.
கராஜில் நான் மட்டும் கைதட்டினேன்.

முப்பத்தோராம் தேதி மழை.
ஏஜாக்ஸ் முழுக்க
குளிர்கோட்டுக்குள் சூனியக்காரிகள்,
குடைக்குள் வௌவால்கள்.
பெரிய பொடியன்கள் கத்திவிட்டுச் சிரித்தார்கள்.
எதிர்வீட்டு கிளென்
பெட்டிக்குள் குனிந்து
"என்ன ஆம்ப் இழுக்கிறது?" என்று கேட்டார்.
ஒரு புலி மட்டும்,
ஐந்து வயதிருக்கும், வால் நனைந்திருந்தது,
பின்வாங்கவில்லை.
மூன்று தரம் எழுந்து படுக்கும்வரை நின்று பார்த்து
என்னிடம் கேட்டது:
"இவர் எழும்பப் பார்க்கிறாரா,
நித்திரை வராமல் புரளுகிறாரா?"
எனக்குத் தெரியவில்லை.
இரண்டு சொக்லெட் கொடுத்தேன்.

ஒன்பதரைக்குத் தெரு காலி.
பூசணிக்குள் மெழுகுதிரி தண்ணியில் மிதந்தது.
பாதி எழுந்திருந்தபோது சுவிட்சை நிறுத்தினேன்.
மீதியையும் எழுந்து,
மழைத் தெருவை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம்
ஒருமுறை பார்த்து,
பிறகுதான் படுத்தது.

சேந்தன் குடையோடு வந்தான்.
குனிந்து கோட்டின் உட்புறத்தைத் திருப்பி
டோர்ச் அடித்துப் படித்தான்:
"தண்ணியில நனைக்கக் கூடாதாம்."