சுதுமலையில் மலை இல்லை

பெட்டியின் மேல் எழுதியிருந்தது:
விளையாட்டுச் சாமான், இருபது டொலர்.
சுங்கத்தில் நாடாவை வெட்டிப் பார்த்து
நம்பாமல் திரும்ப ஒட்டியிருந்தார்கள்.

கார்பன் சட்டம். ஒற்றை விரலில் தூக்கிக் காட்டினேன்.
"ஒண்டுமே இல்லையே உள்ளுக்க,
இதுக்கோ ரெண்டு சீட்டுக் காசு?" என்றாள் தர்மினி.

முன்ஃபோர்க் போலந்தில் எவனோ கழற்றி விற்றது,
இடப்பக்கம் ஒரு கீறலோடு.
செயின் தாய்வான்.
பிரேக் வந்த நாடு இன்னும் பிடிபடவில்லை;
முத்திரையில் ஒரு கரடி.

பின்சில்லுக்குக் கம்பி கட்ட உட்கார்ந்தபோதுதான்
எண்ணிப் பார்த்தேன்:
ஹப்பில் இருபத்தெட்டு ஓட்டை,
றிம்மில் முப்பத்திரண்டு.
அந்த நாலு ஓட்டைக்காக
இன்னும் ஒன்பது கிழமை
தபால்கந்தோர் வாசல்.

பூட்டி முடித்த அன்றைக்குக் குருநகரில்
டெஸ்மனின் மீன்தராசில் தொங்கவிட்டோம்.
பதினொன்று நானூறு.
"நடுத்தரச் சுறா" என்றான்,
செதில் ஒட்டின கையாலேயே காண்டிலைப் பிடித்து.

எங்கள் ஊர் சுதுமலை.
வடக்கே போனால் கீரிமலை.
ரெண்டு பேரிலும் மலை இருக்கிறது,
நிலத்தில் ஒரு மேடு கிடையாது.
ஏற்றத்துக்கென்று வாங்கின பெரிய பல்சக்கரம்
வந்த மினுக்கம் குறையாமல் கிடந்தது,

ஆனியில், பண்ணைப் பாலத்தில்,
சோழகம் நேர் நெஞ்சில் அடிக்கும் வரைக்கும்.
குனிந்தேன். கியரைத் தட்டினேன்.
முதல்முறையாகச் செயின்
அந்தப் பல்லில் ஏறியது.

எதிர்ப்பக்கத்தால் ஒரு பழைய லுமாலா,
கரியரில் மரக்கறி மூட்டை.
ஓட்டி வந்த மனுசி
பெடலே மிதிக்கவில்லை.