ஐந்தாவது கை

பன்னிரண்டாவது தோல்விக்கு மறுநாள்
ஐஸ் ஹாக்கி அரங்கின் மாடியறையில் ஐந்து பேர்.
மரக்கூழ் ஆலை முதலாளி வெய்க்கோ சொர்சா,
படகு இன்ஜின் விற்கும் அவர் மைத்துனன்,
பள்ளிக் கணக்கு வாத்தியார் ஆர்வி,
டிக்கெட் கவுண்டரில் உட்காரும் ஸீர்கா.
ஐந்தாவது நான், அணியின் பல் மருத்துவர்.
சம்பளம் கிடையாது. ஒரு ஓட்டு உண்டு.

மதியம் மூன்று மணிக்கே இருட்டு.
உறைந்த கடலில் யாரோ துளை போட்டு
மீனுக்காகக் குந்தியிருக்கிறார்.
பொறுமைக்குப் பஞ்சமில்லாத ஊர்தான்,
ஹாக்கியைத் தவிர.

ரௌனோவை அனுப்பிவிடலாம் என்கிறார் சொர்சா.
இருபத்து மூன்று ஆட்டக்காரர்களை மாற்றக் காசில்லை,
ஒரு கோச்சை மாற்றலாம்.

ஆர்வி கண்ணாடியைத் துடைக்கிறார்.
"கோல்கீப்பருக்கு முழங்கால் போய் ஆறு வாரம்.
இருந்த ஒரு நல்ல தடுப்பாட்டக்காரனை
டிசம்பரில் விற்றது யார்?
அந்தப் பணத்தில் ஸ்கோர்போர்டு வாங்கியது யார்?"

எய்தவன் மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்து
காப்பியில் சர்க்கரை கலக்குகிறான்.
நல்ல ஸ்கோர்போர்டுதான்.
எதிரணியின் எண்கள்
துறைமுகம் வரைக்கும் தெரிகின்றன.

வெறும் வாயை மென்றுகொண்டிருந்த ஊருக்கு
ரௌனோ அவலாகி ஒரு மாதமாகிறது.
ரொட்டிக்கடையில், பஸ்ஸில்,
என் நாற்காலியில் மல்லாந்துகூட
பஞ்சை அதக்கியபடி தீர்ப்பு சொல்கிறார்கள்.

எனக்கு ஆட்டம் தெரியாது. வாய்கள் தெரியும்.
தொப்பியாஸின் முன்பற்கள் இரண்டைப்
பனியில் முட்டிபோட்டுத் தேடி
பால் டம்ளரில் போட்டு எடுத்துவந்தவர் ரௌனோ.
நான் அவற்றைத் திரும்பப் பதிக்கும்வரை
பையனின் ஷூவைப் பிடித்துக்கொண்டு நின்றார்,
கையைப் பிடிக்கக் கூச்சம்.
போன வாரம் அந்தப் பையனிடம் கேட்டேன்,
கோச்சைப் பற்றி என்ன நினைக்கிறாய்?
மரத்துப்போன உதட்டோடு என்னவோ சொன்னான்.
போகட்டும் என்றும் கேட்டது,
போகக்கூடாது என்றும் கேட்டது.
பல் போனால் சொல் போச்சு.
திரும்பக் கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

இன்னொன்றும் தெரியும்.
அதை இந்த மேசையில் வைக்க முடியாது.

அக்டோபரில் ரௌனோவுக்கு ஒரு பல்லுறை செய்து கொடுத்தேன்,
தூக்கத்தில் பல்லை நறநறப்பவர்கள் மாட்டிக்கொள்வது.
மூன்று மில்லிமீட்டர் தடிமன், ஐந்து வருடம் தாங்கும்.
நவம்பரில் அதில் பள்ளம்.
ஜனவரியில் இரண்டாகக் கடித்து
கைக்குட்டையில் மடித்துக் கொண்டுவந்தார்,
பக்கத்து வீட்டு ஜன்னலை உடைத்த சிறுவன் மாதிரி.
கடைவாய்ப் பல்லில் விரிசல்.
"சீசன் முடியட்டும் டாக்டர்" என்றார்.

கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்று
எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்.
அதற்கு ஒரு சத்தம் உண்டு.
அடுத்த அறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்ட
அவர் மனைவி சொன்னாள்.

போகட்டும்: சொர்சா, மைத்துனன்.
இருக்கட்டும்: ஆர்வி. பிறகு ஸீர்கா,
"எத்தனை டிக்கெட் போச்சு என்று
என்னிடம் தினமும் கேட்கிறவர் அவர் ஒருத்தர்தான்."

நாலு முகங்கள் என் பக்கம் திரும்பின.

போகட்டும் என்றுதான் தூக்கினேன்.
அணிக்காக இல்லை, ஸ்கோர்போர்டுக்காக இல்லை,
ஒரு கடைவாய்ப் பல்லுக்காக.
'தொடர் தோல்விகளின் காரணமாக' என்று
மைத்துனன் நோட்டில் எழுதிக்கொண்டான்.
ஆர்வி கோட்டை மாட்டிக்கொண்டு
என்னைப் பார்க்காமலே படியிறங்கினார்.

புதுக் கோச் வந்த சனிக்கிழமை
நாலுக்கு ஒன்று ஜெயித்தோம்.
சொர்சா ஊருக்கே பீர் வாங்கினார்.
அதற்கப்புறம் ஆறு தோல்வி.

மார்ச்சில், பஸ் நிறுத்தத்தில், ரௌனோ.
சின்ன ஊர். யாருடைய கை என்று
அவருக்குத் தெரியாமலிருக்காது.
தூக்கம் எப்படி என்று கேட்க வாயெடுத்தேன்.
அவர் கோட்டுப் பையிலிருந்து ஓர் ஆப்பிளை எடுத்து
என் முகத்தைப் பார்த்துக்கொண்டே
கடித்தார்,
இடது பக்கமாக.

விரிசல் வலது பக்கம்.