உள்ளே ஈரம்

பதினோரு மாதம் ஒழுங்காய் ஓடியது.
பன்னிரண்டாவது மாதம்
காதர்சா ராவுத்தரின் சர்வே எண்ணை அடிக்கையில்
திரை இருண்டது.

பெயர் கேட்டது சேவை மையத்துக் குரல்.
தையல்நாயகி என்றேன்.
தையல் கடையா மேடம்?
இல்லைம்மா, தலைஞாயிற்றில்
பட்டா சிட்டா எடுத்துக் கொடுக்கிற கடை.
உங்கள் பின்கோடுக்கு ஆள் வர மாட்டார்,
கூரியரில் அனுப்புங்கள்,
வந்த அதே பெட்டியில்.

வந்த பெட்டியில்
கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.
ஒன்பது முட்டையையும் கூடைக்கு மாற்றினேன்.
அது என்னைக் கொத்தியதும் நியாயம்தான்.

இருபத்தாறு நாள்.
ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து,
காத்திருக்கச் சொல்லி அதே வீணை.
புகார் எண் மட்டும் ஏழு தந்தார்கள்.
குறுவைக் காப்பீட்டின் கடைசித் தேதி வந்து போனது.
அடங்கலைச் சுருட்டிப் பிடித்து வாசலில் நின்றவர்கள்
வேதாரண்யத்துக்கு பஸ் ஏறினார்கள்.
யாரும் ஏசவில்லை,
ஏசியிருக்கலாம்.

பிறகு செல்போனுக்கு ஒரு படம் வந்தது,
பச்சைப் பலகையில் சிவப்பு வட்டம் போட்டு:
உள்ளே ஈரம் பட்டிருக்கிறது.
உத்தரவாதம் செல்லாது.
சரிசெய்ய பதினாலாயிரத்து எழுநூறு.

மேட்டூர் திறந்து ஐம்பது நாளாயிற்று.
பதினெட்டாம் பெருக்குக்கு
அடிபம்படியில்தான் மஞ்சள் கரைத்தோம்.
வாய்க்காலில் பையன்கள்
ஸ்டம்பு நட்டு ஆடுகிறார்கள்.

படத்தை ராவுத்தரிடம் காட்டினேன்.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
விரலால் பெரிதாக்கி,
இன்னும் பெரிதாக்கிப் பார்த்தார்.
"எந்த மதகு வழியாம்மா வந்துச்சு?"