மிச்சக் காற்று

ஹெப்பாள் மேம்பாலத்தின் மேல் இரவு இரண்டேகால்.
இம்தியாஸ் ஓட்டுகிறான்.
என் மடியில் லேப்டாப்,
அதில் பதினாறுக்குப் பதினாறு கட்டங்கள்,
கட்டத்துக்கு ஓர் எண்,
எண்ணுக்குத் தக்க பெட்ரோல்.

புகைக்குழாயில் துளை போட்டு
சாய்வாகத் திருகியிருக்கிறோம் சென்சாரை.
கட்டைவிரல் பருமன்.
உள்ளுக்குள் கனலேறினால்தான் வாய் திறக்கும்.
இம்தியாஸ் அதை நாக் என்பான்.
அவன் வீட்டுப் பேச்சில் நாக் என்றால் மூக்கு.
நான் ரொம்ப நாள் நாக்கு என்றே
கேட்டுக்கொண்டிருந்தேன்.
என்ஜின் தட்டும் நாக் வேறு;
அதைக் கேட்டால் இருவருக்கும் ஒரே பயம்.

மூக்கோ நாக்கோ, அதற்குப் பெட்ரோல் தெரியாது.
பந்தி முடிந்தபின் வந்து
இலையை மட்டும் பார்க்கும்.
சோறு மீந்திருந்தால்
குழம்பு போதவில்லை என்று கணக்கு.
காற்று மீந்திருந்தால்
பெட்ரோல் போதவில்லை.
அவ்வளவுதான் அதன் படிப்பு.

ஏர்போர்ட் ரோட்டில் முழுதாக மிதித்தால்
பன்னிரண்டரை. அழகு.
திரும்பி வந்து டின் ஃபேக்டரி சிக்னலில் நின்றால்
பதினாறு புள்ளி எட்டு.
போதவில்லை என்கிறது.
நாலு சதவீதம் ஊற்றினேன்.
போதவில்லை.
இன்னும் ஆறு.
மறுநாள் இரவு இன்னும் ஐந்து.
மூன்றாம் இரவு
என் துப்பட்டாவெல்லாம் பெட்ரோல் வாசம்,
கழற்றிய பிளக் ஒவ்வொன்றும் கண்மை டப்பி,
திரையில் மட்டும் அதே பசி.

வண்டிக்காரர் ஜெரால்டு போன் செய்தார்:
"மைலேஜ் ஒன்பதுக்கு இறங்கிடுச்சே மேடம்.
டியூன் பண்ணத்தானே குடுத்தேன்?"

விடிகாலை ஐந்து. ஆறிக் கிடந்த என்ஜினை எழுப்பினேன்.
டிக் டிக் டிக்.
இரண்டு நிமிடம். பிறகு இல்லை.
அணைத்து, ஆறவிட்டு,
மறுபடி எழுப்பச் சொன்னேன்.
பின்னால் போய்க் குழாய் வாயை
ஈரச்சாக்கால் அழுத்திப் பிடித்தேன்.
முன்னால் எங்கோ ஒரு சீறல்.

மூன்றாவது சிலிண்டரின் கழுத்தடியில்
ஒரு தலைமுடி.
விழுந்து ஒட்டியிருக்கிறது என்று துடைத்தேன்.
போகவில்லை.
நகத்தால் சுரண்டினேன்.
போகவில்லை.
இரும்பில் விழுந்த விரிசல்.

புகை விடும் ஒவ்வொரு மூச்சுக்கும் நடுவில்
அந்த முடியிழை வழியாக
வெளிக்காற்றில் ஒரு மிடறு
உள்ளே இழுத்திருக்கிறது குழாய்.
வேகத்தில் அழுத்தம் விடாது;
நிற்கும்போதுதான் இந்தத் திருட்டு.
இந்த ஊரில் எந்த வண்டிக்கும்
பாதி ஆயுள் நிற்பதுதானே.

சென்சார் பொய் சொல்லவில்லை.
எரியாத, எரியவே வராத,
கே.ஆர்.புரம் லாரிப் புகையும் தூசியும் கலந்த காற்றை
ஒழுங்காக எண்ணிச் சொன்னது.
பெட்ரோல் போதுமா என்று கேட்டது நான்.
அது வேறு கேள்விக்கு
மூன்று இரவும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

ஜே.சி. ரோட்டில் முனிராஜு
நிக்கல் ராடால் தைத்து
சாம்பலில் புதைத்து ஆறவைத்தார்.
"அவசரப்பட்டா மறுபடி பிளக்கும்."
ஒன்றரை மணி நேரம். இரண்டு டீ.
எழுநூறு ரூபாய்.

மாட்டியபின், நான் ஊற்றிய சதவீதங்களை
ஒவ்வொரு கட்டமாகத் திரும்ப எடுத்தேன்.
சேர்க்கும்போது இருந்த வேகம்
கழிக்கும்போது கைக்கு வரவில்லை.

இப்போது ஜெரால்டுக்கு பில் எழுதுகிறேன்.
முதல் வரி: வெல்டிங், எழுநூறு.
இரண்டாவது வரியில்
மூன்று இரவுகளை
என்ன பெயரில் எழுதுவது?

வாசலில் இம்தியாஸ்
வண்டியை ஐடிலில் விட்டிருக்கிறான்.
பதினாலு புள்ளி ஏழு.
ஆறு. ஏழு.
எட்டு.
ஏழு.